சுவரில் புதினா வாசம்

அத்தியாயம் 5

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தில் வருவார்கள், அல்லது பயத்தில் வருவார்கள். அன்று காலை பத்து மணிக்கு, கீழே இருக்கும் சலவைக் கடையின் இஸ்திரிச் சூட்டையும் சேர்த்துக்கொண்டு படியேறி வந்த மனிதர் வெட்கத்தில் வந்திருந்தார். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

அவரைப் பார்த்ததும் நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். காரணம் இருக்கிறது. அவருடைய வீட்டை வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு, முந்தாநாள் ‘வேண்டவே வேண்டாம்’ என்று பின்வாங்கியது என் சொந்த அக்காவும் அவள் வீட்டுக்காரரும். அந்த வீட்டை அவர்களுக்குப் பார்த்துக் கொடுத்ததே நான்தான்.

“பேனாவத் தேடறியா?” என்றார் செக்கரம்மா. “உன் சட்டைப் பையிலதான் இருக்கு. மேல வா.”

செக்கரம்மாதான் எங்கள் நிறுவனத்தின் முதலாளி, மூளை, முன்கோபம் எல்லாம். இருபத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் அலுவலகம் திறந்தவர். கைரேகை, பூதக்கண்ணாடி எதுவும் அவருக்கு ஆகாது. டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பார். அவன் தூங்குவதுபோல் நடிப்பான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்களாம். கிடையாதாம். ஜன்னலுக்கு வெளியே ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருப்பானாம். நான் அவருக்கு ஒரே உதவியாளன். ஆட்களின் பின்னாலேயே போவது என் வேலை என்பதால் எனக்கு ‘வால்’ என்று பெயர் வைத்திருக்கிறார். சம்பளம் கேட்கும்போது மட்டும் ‘தம்பி’ என்பார்.

வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டியவர். ஆனால் அவர் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. முதல் மாடி, இருபத்திரண்டு படி. மனைவி இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு ஒரு படிகூட ஏற முடியவில்லை. ஐந்து வாரமாக இருவரும் மனைவியின் தம்பி வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு கீழ் வீடு பாத்து வெச்சிருக்கேம்மா,” என்றார். “எங்க வீட்ட வித்தாதான் அத வாங்க முடியும். அந்த வீட்டுக்காரர் இன்னைக்கு மூணு மணிக்கு போன் பண்ணுவார். சரின்னா சரி. இல்லேன்னா அவர்கிட்ட வேற ஆள் தயாரா இருக்கு.”

“வாங்கறவங்க ஏன் பின்வாங்கினாங்க?”

“படுக்கையறைச் செவரு கீழேர்ந்து ஊறிப் போயிருக்கு. அலமாரி அடிப்பலகை நைஞ்சு போச்சு. நான் இருந்தவரைக்கும் அப்படி இல்லம்மா, சத்தியமா இல்ல. அவங்க என்னன்னா, ‘மறைச்சு விக்கப் பாத்தான்’னு சொல்லிட்டாங்க.” அவர் கைகளையே பார்த்துக்கொண்டு பேசினார். “வீடு போனா போகட்டும். நேத்து என் வீட்டுக்காரி கேக்கறா, ‘நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?’ன்னு. முப்பத்தொரு வருஷம் அந்த வீட்ல கூட இருந்தவ கேக்கறா. அதத்தான் தாங்க முடியல.”

நான் எழுந்து நின்று, “மேடம், வாங்கறவங்க என் அக்கா. நான் இந்தக் கேஸ்ல இருக்கக் கூடாது,” என்றேன்.

“இருக்கக் கூடாதவன் கூட இருந்தாதான் கேஸ் சீக்கிரம் முடியும்,” என்றார் செக்கரம்மா. “செருப்ப மாட்டு.”

அந்த இருபத்திரண்டு படியை நான் ஏற்கெனவே மூன்று முறை ஏறியிருக்கிறேன், அக்காவுக்காக. அப்போதெல்லாம் ‘நல்ல காற்று, நல்ல வெளிச்சம், நல்ல மனிதர்’ என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே ஏறினேன். இந்த முறை வாயே திறக்கவில்லை.

சுவர் மோசமாகத்தான் இருந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. அலமாரியின் அடிப்பலகையைச் செக்கரம்மா விரலால் தொட்டார். நனைந்த பிஸ்கட் மாதிரி பிட்டுக்கொண்டு வந்தது. தரையில் இரண்டு டைல்ஸ் தூக்கிக்கொண்டு நின்றன.

“வரிசையா சொல்லுங்க,” என்றார் செக்கரம்மா.

லிஃப்ட்காரர் சொன்னார். ஐந்து வாரத்துக்கு முன் சாமான்களைக் காலி செய்துவிட்டு, தண்ணீர் வால்வை மூடிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா திரைச்சீலைக்கு அளவெடுக்க வேண்டுமென்று சாவி வாங்கிப் போய், சாயங்காலமே திருப்பிக் கொடுத்தாள். இரண்டு வாரத்துக்கு முன் வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்ய ஆள் வந்தபோது வால்வைத் திறந்தார்கள். எப்படியும் பத்திரப் பதிவு நெருங்குகிறதே, தண்ணீர் இருக்கட்டும் என்று திறந்தபடியே விட்டுவிட்டார்கள். முந்தாநாள் என் அக்காவும் மாமாவும் அலமாரி அளவு பார்க்க வந்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். மாமா ஆம்புலன்ஸ் டிரைவர். அவர் கோபத்துக்கும் சைரன் உண்டு. அந்த நிமிடமே போன் போட்டுக் கத்தி, ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்.

செக்கரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க எதையோ மறைக்கறீங்க,” என்றார்.

“இல்லம்மா!”

“உள்ள நுழைஞ்சதுலேர்ந்து நாலு தடவ மேல பாத்துட்டீங்க. செவரு கீழ இருக்கு. மேல என்ன?”

லிஃப்ட்காரரின் முகம் சுருங்கிவிட்டது. நாற்காலி இல்லாத வீட்டில் ஜன்னல் திட்டில் போய் உட்கார்ந்தார். “மேல் வீட்ல ஒரு பல் டாக்டர் இருக்கார்,” என்றார் மெதுவாக. “சாக்ஸஃபோன் கத்துக்கறார். ஆறு வருஷமா கத்துக்கறார். இந்தத் தம்பி வீடு பாக்க வந்தப்பல்லாம் நான் டாக்டருக்கு சினிமா டிக்கெட் எடுத்துக் குடுத்து அனுப்பிட்டேன்.”

“மூணு தடவையுமா?” என்றேன்.

“மூணு தடவையும். ஒரே படம்தான் ஓடிச்சு. பாவம், மூணு தடவையும் பாத்தார்.”

நான் அக்காவிடம், ‘குண்டூசி விழுந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி’ என்று சொல்லியிருந்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மனிதர் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி தலையைக் குனிந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன். இதற்கே இப்படித் தவிக்கிறவர் ஒரு சுவரையா மறைத்திருப்பார் என்று அப்போதே எனக்குப் பட்டுவிட்டது. அப்படிப் பட்டது எனக்கு நிம்மதியாக இல்லை.

செக்கரம்மா அதற்குள் கூடத்துக்குப் போய்விட்டார். ஊறிய சுவரின் மறுபக்கம் கூடம்தான். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தவர் ஓர் இடத்தில் நின்று, மூக்கைச் சுவரில் வைத்து உறிஞ்சினார்.

“வாலு, இங்க வா. மோந்து பாரு.”

மோந்து பார்த்தேன். பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. சுவர் வெள்ளையைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளை. “புதினா,” என்றேன். பிறகு துள்ளிக் குதித்தேன். “மேடம்! டூத்பேஸ்ட்! மேல இருக்கறவர் பல் டாக்டர்! அந்த ஆள்தான்!”

“பல் டாக்டர் எறங்கி வந்து செவத்துக்குப் பல் தேச்சு விட்டாரா? சாவி ஏது அவருக்கு?”

“சும்மா ரெண்டுக்கும் ஒரு கோடு போட்டேன் மேடம்.”

“அழிச்சிடு.”

அவர் கொண்டையிலிருந்து ஊசியை உருவி அந்தப் புள்ளியைக் குடைந்தார். வெள்ளைச் சுண்ணாம்புபோல் உதிர்ந்து வந்தது. உள்ளே ஓர் ஓட்டை. ஓட்டையின் வாயில் ஈரம் பளபளத்தது. ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, சுவரில் இறங்கியது.

குளியலறை அலமாரியில் நசுங்கிய பேஸ்ட் டியூப் ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். “ஐயா, இது உங்களுதா?”

“என்னுதுதான் தம்பி. காலி பண்ணப்போ விட்டுட்டுப் போனது.”

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அவருடைய பேஸ்ட், அவருடைய சுவர், அவருடைய ஓட்டை. கேஸ் முடிந்தது, அக்கா பக்கம் நியாயம். அந்தச் சந்தோஷம் எப்பேர்ப்பட்ட கேவலம் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

செக்கரம்மா பிளம்பருக்குச் சொல்லியனுப்பினார். பிளம்பர் வந்து, ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கொத்திப் பார்த்தார். குளியலறைக்குப் போகிற குழாய் அந்த வழியாகத்தான் போனது. அதில் வட்டமாக ஒரு துளை.

“ஆணி எறங்கியிருக்கு,” என்றார் பிளம்பர். “அடிச்சிட்டு, பிடுங்கியிருக்காங்க. அதான் வெனை. ஆணிய அப்படியே விட்டிருந்தா அதுவே அடைச்சுக்கிட்டு இருந்திருக்கும். வருஷக்கணக்குல ஒரு சொட்டு வந்திருக்காது.”

லிஃப்ட்காரரும் பிளம்பரும் வால்வை மூடக் கீழே இறங்கினார்கள். கூடத்தில் நானும் செக்கரம்மாவும் மட்டும். மணி ஒன்றே முக்கால்.

“இந்த வீட்ல எத்தன ஆணி இருக்கு, எண்ணிட்டு வா.”

எண்ணினேன். பதினேழு. ஒவ்வொன்றுக்குக் கீழேயும் படமோ காலண்டரோ தொங்கிய இடம் சதுரமாக வெளுத்திருந்தது.

“அடைச்ச ஓட்டை?”

“இது ஒண்ணுதான்.”

“முப்பத்தொரு வருஷம் சொந்த வீட்ல இருந்தவர் பதினேழு ஆணியையும் அப்படியே விட்டுட்டுப் போயிருக்கார். அவருக்கு ஓட்டைய அடைக்கணும்னே தோணாது. தோணியிருந்தா சிமென்ட் வெச்சிருப்பார், மெக்கானிக் இல்லையா.” செக்கரம்மா ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகினார். “டூத்பேஸ்ட் யார் வெப்பாங்க தெரியுமா? வாடகை வீட்டுக்காரங்க. காலி பண்ணும்போது வீட்டுக்காரன் செவத்தத் தடவிப் பாப்பான்னு பயந்தே வளந்தவங்க. இந்த வீட்டுக்குள்ள அந்த மாதிரி யார் வந்தா?”

எங்கள் குடும்பம் எட்டு வாடகை வீடு மாறியது. எட்டு வீட்டிலும் கடைசி நாள் ஒரே காட்சிதான். சாமானெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, அம்மா பேஸ்ட் டியூபை நீட்டுவாள். அக்கா ஆள்காட்டி விரலில் துளி எடுத்து ஒவ்வோர் ஓட்டையாக அடைத்து, ஈரத்துணியால் வழித்துவிடுவாள். அவள் அடைத்தால் அடையாளமே தெரியாது. அத்தனை ஓட்டையும் நான் போட்டவை. வில் அம்பு விட்டுப் போட்டவை, காம்பஸ் எறிந்து போட்டவை. ஒன்றிரண்டு அகப்பட்டு வீட்டுக்காரர் கத்தும்போது, முன்னால் போய் நின்று திட்டு வாங்குகிறவளும் அவள்தான்.

எதிர் மாடியில் ஒருவர் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு போர்வை, இரண்டு சட்டை, ஒரு துண்டு. அவ்வளவு ஆர்வமாக நான் எதையுமே பார்த்ததில்லை.

“எந்த ஸ்டேஷன்ல எறங்கறதா உத்தேசம்?” என்றார் செக்கரம்மா பின்னாலிருந்து.

சட்டென்று திரும்பினேன்.

“காலையிலேர்ந்து ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு இருக்க. நீதான் அடிச்சன்னு நெனச்சேன்.”

“நானா? ஐயோ, இல்ல மேடம்!”

“அது இப்பத் தெரியுது. டூத்பேஸ்ட்னு சொன்னப்பக்கூட நீ குதிச்ச. ஆணி எண்ணினப்பறம்தான் மூஞ்சி மாறிச்சு.” அவர் குரல் தணிந்தது. “அப்ப, அக்காவா?”

தலையாட்டினேன்.

“மணி ரெண்டு ஆகப் போகுது. மூணு மணிக்கு அந்த மனுஷனுக்கு போன் வரும். நான் போய் கேட்டா உங்க அக்கா மாட்டிக்கிட்டவங்க. அவங்களா வந்து சொன்னா, சொன்னவங்க. ரயில்ல நான் ரெண்டு பேருக்கும் ஒரே அபராதம்தான் போடுவேன். ஆனா பேர் வேற. போ. சீக்கிரம் போ.”

அக்கா வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை பத்து நிமிட நடை. இரண்டேகாலுக்கு நான் கடைக்கு எதிரே இருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக அவள் தெரிந்தாள். ஒரு பெரியவருக்கு ஃபிரேம் மாட்டி, காது பக்கம் வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கடைக்குள் போயிருக்க வேண்டும். பக்கத்து டீக்கடைக்குள் போனேன்.

ஒரு டீ சொன்னேன். பெரியவர் போகட்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். பெரியவர் போனார். கடையில் வேறு யாருமில்லை. இன்னொரு டீ சொன்னேன். போய் என்ன கேட்பது? ‘அக்கா, நீ செய்த காரியத்துக்கு ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லிவிட்டாயே’ என்றா? அவள் எனக்காக வாங்கிய திட்டுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஒரு தடவையாவது நான் முன்னால் போய் நின்றிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. ஆட்களைப் பின்தொடர்ந்து மணிக்கணக்கில் காத்திருப்பது என் தொழில். அந்தத் திறமை எல்லாம் அன்று அந்த டீக்கடை பெஞ்சுக்குத்தான் பயன்பட்டது. சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பத்தைந்து காட்டியபோதுதான் எழுந்தேன்.

கதவைத் திறந்ததும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கையில் ஒரு லென்ஸும் துடைக்கும் துணியும்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்றாள்.

நான் கேட்க வேண்டியதெல்லாம் அத்தோடு போயிற்று. “எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

“மாமா செவத்தக் காட்டினப்பவே. மறுபக்கம்தானே அடிச்சேன்.” லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “சொல்லலாம்னு வாயத் தொறந்தேன்டா. அதுக்குள்ள மாமா போன் போட்டுக் கத்த ஆரம்பிச்சிட்டார். கத்தி முடிக்கட்டும்னு நின்னேன். முடிச்சப்போ வீடே வேணாம்னு முடிச்சிட்டார். அப்பறம் எப்படிச் சொல்றது? ராத்திரி சொல்லலாம்னு நெனச்சேன். காலைல சொல்லலாம்னு நெனச்சேன். நேரம் ஆக ஆக அது பெருசாயிட்டே போச்சு.”

“ஆணி எதுக்குக்கா அடிச்ச? என்ன மாட்டப் போன?”

“ஒண்ணும் மாட்டல.”

“பின்ன?”

“சும்மாடா.” அவள் கண் கலங்கியது, ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பும் வந்து போனது. “திரைக்கு அளவெடுக்கத்தான் போனேன். ஜன்னல் திட்டுல அவர் விட்டுட்டுப் போன சுத்தியும் ஒரு பெரிய ஆணியும் கெடந்துச்சு. வீட்ல யாருமே இல்ல. எனக்கு நாப்பத்தோரு வயசு. இதுவரைக்கும் ஒரு செவத்துலயும் நான் ஆணி அடிச்சதில்ல. நீ அடிப்ப, நான் அடைப்பேன். இனிமே நம்ம செவருதானே, யாரையும் கேக்க வேணாமேன்னு தோணிச்சு. நாலே நாலு அடி. உள்ள போச்சு. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுடா. தொட்டுத் தொட்டுப் பாத்தேன்.”

“அப்பறம் ஏன் பிடுங்கின?”

“இன்னும் பத்திரம் பதியலையே. நம்ம வீடு இல்லையேன்னு திடீர்னு ஒரு பயம் புடிச்சிச்சு. பிடுங்கிட்டேன். பாத்ரூம்ல பேஸ்ட் இருந்துச்சு. கை தானா போச்சு.”

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. “பிளம்பர் சொன்னார், ஆணிய அப்படியே விட்டிருந்தா தண்ணியே வந்திருக்காதாம்.”

அக்கா துணியை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் கையால் தடவித் தேடி உட்கார்ந்தாள்.

“அந்த அம்மா எப்படி இருக்காங்க?” என்றாள். “அவர் வீட்டுக்காரம்மா?”

“அவங்களே அவரச் சந்தேகப்படறாங்கக்கா. காலைல எங்க ஆபீஸ்ல வந்து அதச் சொல்லித்தான் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டார். மூணு மணிக்கு அந்தக் கீழ் வீட்டுக்காரர் போன் பண்ணுவார். அதுக்குள்ள...”

நான் முடிப்பதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். எழுந்து நின்றுதான் பேசினாள். எட்டு வீட்டுக்காரர்களின் முன்னால் நின்ற அதே மாதிரி, இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு.

“ஐயா, நான்தான் பேசறேன். வீடு வாங்கறதா இருந்தவ. உங்க மேல ஒரு தப்பும் இல்லங்கய்யா. ஆணி அடிச்சது நான். பிடுங்கி மறைச்சதும் நான். முந்தாநாளே எனக்குத் தெரியும். வீட்ட நாங்களே வாங்கிக்கறோம். செவத்த நாங்களே பாத்துக்கறோம். அந்தக் கீழ் வீட்டுக்காரர்கிட்ட சரின்னு சொல்லிடுங்க.”

ஸ்பீக்கர் போட்டிருந்ததால் மறுமுனை எனக்கும் கேட்டது.

“இப்பத்தாம்மா வேணாம்னு சொல்லி வெச்சேன்,” என்றார் லிஃப்ட்காரர். “அஞ்சு நிமிஷம்கூட ஆகல.”

“திரும்பக் கூப்பிடுங்கய்யா. தயவு செஞ்சு கூப்பிடுங்க.”

காத்திருந்தோம். கடைச் சுவர் முழுக்க வரிசையாகக் கண்ணாடிகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றேகாலுக்கு போன் அடித்தது.

“அந்த இன்னொரு ஆளு அங்கயே உக்காந்திருந்தாராம். பேசி முடிச்சிட்டாங்களாம்.” என்றார் லிஃப்ட்காரர். “பரவால்லம்மா. நீங்க சொன்னீங்களே, அது போதும்.”

அவர் திட்டியிருக்கலாம். அந்தப் ‘பரவால்ல’ என்னைக் கொன்றது. அக்காவுக்கு அவள் மறைத்த இரண்டு நாள்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இரண்டேகாலிலிருந்து இரண்டு ஐம்பத்தைந்து வரை தெரிந்தது. முதல் டீகூடப் போகட்டும். இரண்டாவது டீயைக் குடிக்காமல் எழுந்திருந்தால், இருபத்திரண்டு படி ஏற முடியாத ஒரு பெண்மணிக்கு இன்று ஒரு வீடு இருந்திருக்கும். அதை அக்காவிடம் சொன்னேன். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது இன்னும் மோசம்.

ஐந்து மணிக்கு லிஃப்ட்காரரின் மைத்துனர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தோம். செக்கரம்மா எங்களுக்கு முன்பே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். மாமா வேலையிலிருந்து சீருடையோடே வந்திருந்தார். வழியில் அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அன்று அவரிடமிருந்து சைரன் எதுவும் வரவில்லை.

லிஃப்ட்காரரின் மனைவி கைப்பிடி வைத்த நாற்காலியில், பக்கத்தில் ஊன்றுகோலோடு இருந்தார். அக்கா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஆதியோடந்தமாகச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. கேட்டு முடித்த அந்த அம்மா அக்காவைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார்.

“தெரியாதுன்னு நீங்க சொன்னீங்க,” என்றார். “நான்தான் நம்பல.”

“சரி, விடு,” என்றார் லிஃப்ட்காரர். சொல்லிவிட்டு எழுந்து போய், மடக்கி வைத்திருந்த போர்வையை எடுத்து மறுபடியும் மடக்கினார்.

மாமா தொண்டையைக் கனைத்தார். “கத்தினது நானுங்கய்யா. இவளப் பேச விட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பா. என்ன மன்னிச்சிடுங்க.”

“இன்னும் ஒண்ணு இருக்குங்க,” என்றாள் அக்கா. “வழியில பேசிக்கிட்டே வந்தோம். நாங்க அந்த ஈரச் செவரோடயே இந்த வாரம் மாடிக்குக் குடி போயிடறோம். நீங்க எங்க வாடகை வீட்டுக்கு வந்துடுங்க. கீழ் வீடு. படியே கெடையாது. வேற வீடு நல்லதா கெடைக்கற வரைக்கும் அங்க இருங்க. எத்தன மாசம் ஆனாலும் வாடகை எங்களோடது. வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன்.”

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். ஐந்து வாரமாகத் தம்பி வீட்டுக் கூடத்தில், வருகிறவர் போகிறவர் நடுவில் படுத்துத் தூங்கியவர். யோசிக்க அதிகம் இல்லை.

“வெளிச்சம் வருமா?” என்றார்.

“காலைல நல்லா வரும்மா.”

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. அன்று முழுக்க நான் பார்த்த ஒரே நல்ல விஷயம் அதுதான். செக்கரம்மாகூடக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார், கேஸ் முடிந்தது என்பதுபோல.

“அப்ப முதல் வேலையா நம்ம பொண்ணு போட்டோவ மாட்டிடுங்க,” என்றார் அந்த அம்மா கணவரிடம். “இங்க அது பெட்டிக்குள்ளயே கெடக்கு. நான் படுக்கற எடத்துக்கு எதிர்ல ஒரு ஆணி அடிச்சிட்டீங்கன்னா போதும்.”

“அதுக்கென்ன, போன உடனே அடிச்சிடறேன்,” என்றார் லிஃப்ட்காரர்.

எழுந்திருக்க ஊன்றிய அக்காவின் கை தரையிலேயே நின்றது. மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“வீட்டுக்காரர ஒரு வார்த்த கேக்கணும்ங்கய்யா,” என்றாள் அக்கா.

“எதுக்கு?”

“ஆணி அடிக்க.”

முப்பத்தொரு வருடம் சொந்தச் சுவருக்குள் வாழ்ந்த மனிதர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபமில்லை, கேலியுமில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

“ஒரு ஆணிக்கா கேக்கணும்?” என்றார்.

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.